வாய் திறக்கும் கடமை: கொங்குப் பள்ளிகளும் ஒரு சட்டத்தின் வரலாறும்

1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 39ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. சில குற்றங்கள் நடந்ததோ நடக்கப்போவதோ தெரியவந்தால், யாராக இருந்தாலும் காவல் துறைக்கோ நடுவருக்கோ உடனே சொல்லியாக வேண்டும் என்று விதித்த பிரிவு அது. எந்தெந்தக் குற்றங்கள் என்று ஒரு பட்டியலும் கொடுத்திருந்தது. கொலை, வழிப்பறி, கூட்டுக் கொள்ளை, இரவில் வீடு புகுதல், கள்ள நோட்டு அடித்தல் எல்லாம் அதில் உண்டு. வன்புணர்வு கிடையாது. குழந்தை மீதான பாலியல் குற்றம் எதுவுமே கிடையாது. கோவையில் கள்ள நோட்டு அடிக்கும் கூட்டத்தைப் பற்றித் தெரிந்தவருக்குச் சட்டம் ஒரு கடமையைச் சுமத்தியது. தன் பள்ளி ஆசிரியர் ஒரு மாணவியிடம் என்ன செய்தார் என்று தெரிந்த தலைமை ஆசிரியருக்கு அப்படியொரு கடமையும் இல்லாமல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஓடின. பள்ளிப் பிள்ளைகளைப் பாலியல் வன்முறையிலிருந்து காக்க வந்த சட்டங்களின் வரலாற்றை இந்த ஓட்டையிலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். நம் ஊரில் அந்த வரலாற்றைத் தண்டனைகளின் வரலாறாகவே சொல்லிப் பழகிவிட்டார்கள். எத்தனை ஆண்டு சிறை, யாருக்குத் தூக்கு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் 2010, 2014, 2021 ஆகிய மூன்று ஆண்டுகளில் கோவை மாவட்டத்தில் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தெரிந்தவர்கள் பேசியாக வேண்டும் என்ற கடமைதான் இந்தச் சட்டங்களின் உயிர். கொங்கு நாடு அதைத்தான் மிகவும் தாமதமாகவும் மனமில்லாமலும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஏன் மனமில்லை என்பது இங்கே பள்ளிகள் வளர்ந்த விதத்தில் இருக்கிறது. பஞ்சாலையும் பம்புசெட்டும் பின்னலாடையும் விசைத்தறியும் கொண்டுவந்த பணம் 1980களுக்குப் பிறகு கல்வியிலும் பெருமளவு இறங்கியது. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் எழுந்த உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குத் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன மாவட்டம் என்பதால் ‘பிராய்லர் பள்ளி’ என்ற பெயரும் அவற்றுக்கு வந்தது. பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று மாணவர் படத்தைப் பெரிய பலகையில் போட்டு அடுத்த ஆண்டுச் சேர்க்கையை நிரப்புவதே வழக்கமாக இருந்தது. கோபிச்செட்டிபாளையத்துக்காரரான கே.ஏ.செங்கோட்டையன் பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்த 2017ஆம் ஆண்டில்தான் அந்தத் தரவரிசை அறிவிப்பு நிறுத்தப்பட்டது. ஒரு பள்ளியின் முதலே அதன் பெயர் என்று ஆகிவிட்ட இடத்தில், பெயரைக் கெடுக்கும் செய்தி வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது நிர்வாகத்தின் வேலையாகிவிடுகிறது. மாணவருக்கோ, செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணும் நடத்தைச் சான்றும் மாற்றுச் சான்றிதழும் ஆசிரியர் கையில், தாளாளர் கையில். ‘டிசியைக் கொடுத்து அனுப்பிவிடுவோம்’ என்ற ஒற்றை மிரட்டல் எத்தனை பிள்ளைகளின் வாயை அடைத்திருக்கும் என்பதற்குக் கணக்கு எங்கும் கிடையாது. அன்றைய சட்டமும் பிள்ளையின் பக்கம் பார்க்கவில்லை. 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் அங்கீகாரம், மானியம், ஆசிரியர் பணி நிலை ஆகியவற்றைச் சுற்றியே எழுதப்பட்டது.

அந்தக் காலத்தில் இத்தகைய விவகாரம் எப்படி முடிந்தது என்பதும் ஊரறிந்ததுதான். அரசுப் பள்ளி என்றால் ஆசிரியருக்கு இடமாற்றம். ஆள் மாறினார், அடுத்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆபத்து மாறிப் போனது. தனியார் பள்ளி என்றால் ராஜினாமாக் கடிதம், கூடவே நல்ல அனுபவச் சான்று. பெற்றவர்கள் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்துவார்கள். கொஞ்சம் வளர்ந்தவள் என்றால் மாப்பிள்ளை தேடத் தொடங்குவார்கள். ஊர்ப் பெரியவர்கள் நடுவில் இருந்து பேசி முடிப்பார்கள். பையன்களுக்கு நடந்தது இந்தப் பேச்சுக்குக் கூட வராது. மானம் என்பதைப் பெண்ணின் உடலோடு மட்டும் கட்டிவைத்த சமூகத்தில் பையனின் வேதனைக்குப் பெயரே இல்லை. மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டது. ஏதோவொரு வகைப் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 விழுக்காடு. அவர்களில் பாதிக்கும் சற்று மேல் ஆண் பிள்ளைகள். செய்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், அதன் நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் சொல்லவேயில்லை. கொங்கு நாட்டு வழக்கம் அந்த நாடு தழுவிய மௌனத்தின் ஒரு கிளைதான். பணமும் மதிப்பெண்ணும் சேர்ந்து இங்கே அதை இன்னும் இறுக்கமாக்கின.

2010 அக்டோபர் இறுதியில் கோவையில் பள்ளிக்குப் புறப்பட்ட ஒரு பத்து வயதுச் சிறுமியும் அவள் ஏழு வயதுத் தம்பியும், பிள்ளைகளுக்கு முகம் தெரிந்த ஓட்டுநர் ஒருவரால் வேனில் கடத்தப்பட்டார்கள். சிறுமி வன்புணர்வுக்கு ஆளானாள், இருவரும் பி.ஏ.பி. வாய்க்காலில் தள்ளிக் கொல்லப்பட்டார்கள். ஊரே துடித்துப் போனது. நவம்பர் 9 அன்று ஓட்டுநர் காவல் துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது நகரில் பட்டாசு வெடித்தார்கள், இனிப்புக் கொடுத்தார்கள். உடந்தையாக இருந்த இன்னொருவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் 2019 ஆகஸ்ட் 1 அன்று இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் உறுதி செய்தது. நீதிபதி சஞ்சீவ் கன்னா தண்டனை அளவில் மட்டும் மாறுபட்டார். அந்தக் கோபம் நியாயமானது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தத் துப்பாக்கிச் சூட்டோடு நகரத்தின் கேள்விகளும் அடங்கிப் போயின. பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநர் யார், அவருடைய பின்னணியை யார் விசாரித்தார்கள், வேலையை விட்டுப் போனவரைப் பற்றி வீட்டுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கவேண்டிய நேரம் அது. பள்ளியோடும் விடுதியோடும் விளையாட்டுப் பயிற்சியோடும் தொடர்புள்ள ஒவ்வொரு ஊழியரையும் காவல் துறை மூலம் சரிபார்க்க வேண்டும், அதையும் அவ்வப்போது திரும்பச் செய்ய வேண்டும் என்ற விதி 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளில்தான் எழுத்தில் வந்தது. பத்து ஆண்டுகள் ஆயின.

போக்சோ என்று இன்று பள்ளிச் சுவரெல்லாம் எழுதப்பட்டிருக்கும் சட்டம், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2011 மார்ச்சில் மாநிலங்களவையில் மசோதாவாக வைக்கப்பட்டது. 2012 மே 10 அன்று அங்கும், மே 22 அன்று மக்களவையிலும் நிறைவேறியது. அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே, மே 17 அன்று, தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அரசாணை 121ஐ வெளியிட்டது. மாணவரிடம் பாலியல் முறைகேட்டில் ஈடுபட்டது உறுதியான ஆசிரியருக்குப் பணிநீக்கம், கட்டாய ஓய்வு போன்ற கடும் தண்டனை மட்டுமல்ல, கல்விச் சான்றிதழையே ரத்து செய்யலாம் என்றது அந்த ஆணை. இடமாற்றம் என்ற பழைய வழியை அடைக்க அரசே முயன்ற முதல் அடையாளம் என்று அதை நான் மதிக்கிறேன். போக்சோ அந்த ஆண்டு குழந்தைகள் நாளான நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆண், பெண் வேறுபாடின்றிப் பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லோரையும் அது குழந்தை என்றது. கல்வி நிலையத்தின் நிர்வாகியோ ஊழியரோ செய்தால் அதே குற்றம் கடுமையான வகையில் சேரும் என்றது. எல்லாவற்றையும் விட, 19ஆம் பிரிவில், குற்றம் நடந்தது தெரிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்றது. சொல்லாதவருக்கு 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓர் ஆண்டு வரை. பிள்ளை சொல்லாமல் இருந்தால் அதற்குத் தண்டனை இல்லை. பேச வேண்டிய சுமை முதன்முறையாகப் பிள்ளையின் தோளிலிருந்து பெரியவர்களின் தோளுக்கு மாறியது. முன்னர் 39ஆம் பிரிவில் விடுபட்டிருந்தது இங்கே நிரப்பப்பட்டது.

சட்டம் வந்து இரண்டாண்டு நிறையும் முன்னே, 2014 ஜூனில், பொள்ளாச்சியில் ஒரு மாணவர் விடுதியில் தங்கிப் படித்த சிறுமிகள் இருவர் இரவில் வெளியே கொண்டு செல்லப்பட்டு வன்புணர்வுக்கு ஆளானார்கள். தமிழகத்தில் பிள்ளைகளும் பெண்களும் தங்கும் விடுதிகள் எத்தனை, எங்கே, யார் பொறுப்பில் என்று அரசிடம் ஒழுங்கான கணக்கில்லை என்பது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. முதலமைச்சர் ஜெயலலிதா விடுதிகளுக்கு வழிகாட்டு நெறிகளை அறிவித்தார்; அதே ஆண்டில் சட்டமன்றம் பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. மாவட்ட ஆட்சியரின் உரிமம் இல்லாமல் விடுதி நடத்தக் கூடாது என்பது அதன் அடிப்படை. கொங்கு மண்ணில் நடந்த ஒரு கொடுமையிலிருந்து பிறந்து மாநிலம் முழுமைக்கும் பொருந்திய சட்டம் அது. உறைவிடப் பள்ளிகளும் ஆலை விடுதிகளும் இவ்வளவு அடர்ந்த வட்டாரத்தில், அப்படியொரு சட்டத்துக்குச் சிறுமிகள் இருவர் விலை கொடுக்கும் வரை காத்திருந்தோம் என்பதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

2021 நவம்பரில், போக்சோ நடைமுறைக்கு வந்து ஒன்பது ஆண்டு நிறைந்த அதே வாரத்தில், கோவையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். முன்பு படித்த தனியார் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் பாலியல் தொல்லை கொடுத்தார் என்பதும், பள்ளித் தலைமையிடம் சொல்லியும் பலனில்லை என்பதும் குற்றச்சாட்டு. மாணவி வேறு பள்ளிக்கு மாறியிருந்தார். ஆசிரியர் போக்சோவில் கைதானார். தெரிந்தும் காவல் துறைக்குத் தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் பள்ளியின் முதல்வரும் பெங்களூருவில் கைது செய்யப்பட்டார். குற்றம் செய்தாரா இல்லையா என்பது நீதிமன்றம் சொல்ல வேண்டியது. அதற்குள் நான் போகவில்லை. வரலாற்றுக்கு முக்கியமானது அந்த இரண்டாவது கைது. அதுவரை ஏட்டில் இருந்த 21ஆம் பிரிவு ஒரு பள்ளித் தலைமையின் வாசலுக்கு வந்து நின்றதைக் கொங்கு நாடு முழுவதும் பார்த்தது. அடுத்த சில நாட்களில் கரூரிலும் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி அதே வழியில் போனார். இதற்குச் சில மாதங்கள் முன்னர்தான், சென்னைப் பள்ளியொன்றின் விவகாரம் வெடித்ததைத் தொடர்ந்து, ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு, புகார்ப் பெட்டி, 1098, 14417 உதவி எண்கள் என்று அரசு ஏற்பாடுகளை அறிவித்திருந்தது. குழுவும் பெட்டியும் காகிதத்தில் இருந்தன; அந்த இரண்டு பிள்ளைகளை அவை எட்டவில்லை.

கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும் என்பதற்கு எதிராக இங்கே எழும் முதல் வாதம் பிள்ளையின் எதிர்காலம் பற்றியது. போலீசுக்குப் போனால் பெண்ணின் பேர் கெட்டுவிடும், கோர்ட்டுக்கு அலைய வைப்பார்கள், கல்யாணம் நடக்காது என்பார்கள். இதை வெறும் பழமைவாதம் என்று தள்ள முடியாது. அரசே இந்த அச்சத்துக்குக் காரணம் தந்திருக்கிறது. 2019இல் பொள்ளாச்சிப் பாலியல் வழக்கில், கல்லூரி மாணவியான பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளியில் சொன்னார். வழக்கைச் சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் உண்டுதான். ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்து போக்சோவுக்குள்ளேயே இருக்கிறது. அடையாளத்தை வெளியிடுவது 23ஆம் பிரிவில் குற்றம். வாக்குமூலம் பிள்ளையின் வீட்டிலேயே, கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியால், சீருடை இல்லாமல் எடுக்கப்பட வேண்டும். பிள்ளையைத் திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு அழைக்கக் கூடாது, குற்றம்சாட்டப்பட்டவரின் முகத்தைப் பார்க்க வைக்கக் கூடாது. இந்தப் பிரிவுகளை ஒழுங்காக நடத்திக் காட்டாமல் ‘பேர் கெடும்’ என்று வழக்கையே தவிர்ப்பது, ஆசிரியரைக் காப்பாற்றுவதில்தான் முடிகிறது. பேசி முடித்துக்கொண்டோம் என்ற ஏற்பாட்டுக்கும் இனி இடமில்லை. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியரும் மாணவியின் தந்தையும் சமாதானமாகிவிட்டார்கள் என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்த வழக்கை, 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்தது. அதைத் தனிப்பட்ட இருவருக்கு இடையிலான தகராறாகப் பார்க்க முடியாது என்றது. தந்தை மன்னித்தாலும் அந்த வகுப்பறையில் இன்னும் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அதற்கு மேல் விளக்கவும் வேண்டியதில்லை.

ஆசிரியர்கள் தரப்பில் எழும் வாதம் பொய்ப் புகார். கண்டிப்பான ஆசிரியர் மீது கோபம் கொண்ட மாணவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாழ்க்கை முடிந்தது என்கிறார்கள். போக்சோவின் 29ஆம் பிரிவு, குற்றம்சாட்டப்பட்டவர் அதைச் செய்தார் என்றே நீதிமன்றம் தொடக்கத்தில் கொள்ள வேண்டும் என்பதால் இந்த அச்சம் கூடியிருக்கிறது. அது கடினமான பிரிவுதான். நீதிபதிகள் அதைக் கவனமாகக் கையாள வேண்டும். ஆனால் தெரிவிக்கும் கடமையை அதோடு குழப்பக் கூடாது. தலைமை ஆசிரியர் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை, தெரிந்ததைச் சொன்னால் போதும். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது எந்த வழக்கும் போட முடியாது என்று 19ஆம் பிரிவே காக்கிறது. தெரிந்தே பொய்ப் புகார் கொடுக்கும் வயது வந்தவருக்கு 22ஆம் பிரிவில் தண்டனை இருக்கிறது. உண்மையில் நிரபராதியான ஆசிரியருக்கும் பள்ளிக்குள்ளேயே நடக்கும் மூடிய ‘விசாரணை’யை விட வெளியார் செய்யும் முறையான விசாரணையே பாதுகாப்பு. தாளாளர் அறையில் நடக்கும் விசாரணையில் வேண்டியவர் தப்புவார், வேண்டாதவர் மாட்டுவார்.

மூன்றாவது எதிர்ப்பு எனக்கும் கனமாகப் படுகிறது. ஒன்றாகப் படித்த பதினாறு, பதினேழு வயதுக்காரர்களின் காதலைப் பிரிக்கப் பெற்றோர், அதிலும் சாதி மாறிய காதலைப் பிரிக்க, போக்சோவை ஆயுதமாக எடுக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் இரண்டு முக்கியத் தீர்ப்புகள் கொங்கு நாட்டு வழக்குகளில்தான் பிறந்தன. நாமக்கல் மாவட்டம் பேளுக்குறிச்சிக் காவல் நிலைய வழக்கில் நீதிபதி வி.பார்த்திபன் 2019 ஏப்ரலில், வயது வரம்பைப் பதினாறாகக் குறைப்பது பற்றி யோசிக்கலாம் என்றார். ஈரோடு அனைத்து மகளிர் காவல் நிலைய வழக்கை 2021 ஜனவரியில் ரத்து செய்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இளவயதினரின் உறவைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்றார். 2011ஆம் ஆண்டு மசோதாவிலேயே பதினாறு முதல் பதினெட்டு வயதுவரை சம்மதத்துக்கு ஓர் இடம் இருந்தது; நாடாளுமன்ற நிலைக்குழு அதை நீக்கச் சொன்னது, நீக்கப்பட்டது. அந்த நீக்கம் தவறு என்பது என் எண்ணம். 2023இல் 22ஆவது சட்ட ஆணையம் வயதைக் குறைக்க வேண்டாம், நீதிபதிக்குத் தண்டனையில் விருப்புரிமை கொடுக்கலாம் என்று நடுவழி காட்டியது. குறைந்தபட்சம் அதையாவது செய்ய வேண்டும். இதனால் பள்ளியின் கடமை தளர்ந்துவிடாது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை; மதிப்பெண் போடும் கை ஒரு பக்கம், அதை எதிர்பார்க்கும் பிள்ளை மறுபக்கம். இரண்டையும் ஒரே பிரிவில் அடைத்ததால்தான் காதலர்களின் வழக்குகள் நீதிமன்றத்தை நிரப்புகின்றன, ஆசிரியர் வழக்குகள் வரிசையில் காத்துக் கிடக்கின்றன.

தூக்குத் தண்டனை போதுமே என்பவர்களுக்கும் இந்த வரலாறே பதில் சொல்கிறது. 2019 திருத்தம் கடுமையான ஊடுருவல் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையைப் பத்திலிருந்து இருபது ஆண்டாக உயர்த்தியது. மரண தண்டனையையும் சேர்த்தது. அதன் பிறகு இரண்டே ஆண்டில் கோவையிலும் கரூரிலும் அந்த நவம்பர் வந்தது. செய்தவர் தெரிந்தவர், மாமா, ஆசிரியர், வார்டன் என்றிருக்கும்போது, தூக்கு என்ற சொல்லே குடும்பத்தின் வாயைக் கட்டிவிடுகிறது. சிக்கும் வாய்ப்பு குறைவு என்று தெரிந்தவனுக்குத் தண்டனையின் அளவு பொருட்டில்லை. ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை நடந்த அரச விசாரணை ஆணையம் தேவாலயங்கள், பள்ளிகள், விடுதிகள் என்று பல ஆயிரம் பேரின் சாட்சியத்தைக் கேட்டது. அங்கும் கண்டது இதைத்தான்: நிறுவனங்கள் தம் பெயரைக் காக்கப் பிள்ளைகளைக் கைவிட்டன. இங்கே மகாராஷ்டிரத்தின் ராஜுராவில் பள்ளி விடுதி மாணவிகளுக்குச் சிகிச்சை அளித்தும் தெரிவிக்காத மருத்துவர் மீதான வழக்கை மீட்டெடுத்த உச்ச நீதிமன்றம், 2022 நவம்பர் 2 அன்று, தெரிந்தும் தெரிவிக்காதது குற்றவாளிக்குக் கவசமாகும் கடுங்குற்றம் என்றது.

கேட்டால் பிள்ளைகள் சொல்வார்கள் என்பதற்குக் கோவை மாவட்டமே சான்று. 2022இல் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வி.பத்ரிநாராயணன் காலத்தில் தொடங்கிய ‘புராஜெக்ட் பள்ளிக்கூடம்’ திட்டத்தில் பெண் காவலர்கள் கிராமப்புறப் பள்ளிகளுக்குப் போய், எது தவறான தொடுதல், யாரிடம் சொல்வது என்று வகுப்பெடுத்தார்கள். அந்த வகுப்புகளுக்குப் பிறகு பிள்ளைகள் எழுந்து வந்து சொன்னார்கள், வழக்குகள் பதிவாயின. இரண்டு ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்டில், கொங்கின் வடகிழக்கு ஓரமான கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளிக்குள் போலி என்.சி.சி. முகாம் நடந்தது. முகாம் நடத்த வந்தவர்களுக்கு அனுமதி உண்டா, அவர்கள் யார் என்று பள்ளி சரிபார்க்கவில்லை. மாணவிகள் சிலர் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள்; விவரம் தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாமல் மறைத்ததாகப் பள்ளித் தரப்பினரும் கைதானார்கள். ஊழியரைச் சரிபார்க்கும் விதி வந்து நான்கு ஆண்டு, தெரிவிக்கும் கடமை வந்து பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது. ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் முதன்மைக் கல்வி அலுவலர் கட்டட உறுதிச் சான்றையும் தீயணைப்புச் சான்றையும் பள்ளியிடம் கேட்டு வாங்குவது போல, ஊழியர் சரிபார்ப்புச் சான்றையும் அந்த ஆண்டில் வந்த புகார்களின் பதிவேட்டையும் கேட்டு வாங்கலாம். கொடுக்காத பள்ளிக்கு அங்கீகாரம் புதுப்பிக்கக் கூடாது என்று ஓர் ஆணை போதும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.